சைக்கிள் ரிக்‌ஷா மீண்டும் வருமா? பழைய வண்டியைப் புதிய நகரத்துக்குத் தயார் செய்ய என்ன தேவை

டெல்லியில் லால் கிலா மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வெளியே வருகிறீர்கள். சாந்தினி சௌக்கின் மறுமுனையில் இருக்கும் ஃபதேபூரி மசூதி வரை போக வேண்டும். மேப்பில் பார்த்தால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். நடக்கலாம்தான், ஆனால் மே மாத வெயில், தோளில் லேப்டாப் பை. ஆப்பைத் திறந்து கேப் போட்டால் பிரயோஜனம் இல்லை. பகலில் அந்தச் சாலைக்குள் மோட்டார் வண்டிக்கு அனுமதி கிடையாது. எதிரே வரிசையாக நிற்பது சைக்கிள் ரிக்‌ஷாக்கள்.

ஏறலாமா? "ஒருத்தர் வேர்க்க விறுவிறுக்க மிதிக்க, நான் உட்கார்ந்துட்டுப் போறதா?" என்ற கூச்சம் நம்மில் பலருக்கு வரும். ஏறாமல் நடந்துவிட்டால் அவருக்கு அந்தச் சவாரியின் காசு போய்விடும் என்பதும் உண்மை. இந்தச் சின்னக் குழப்பத்துக்குள்தான் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. புகை விடாத, சத்தம் போடாத, பெட்ரோல் கேட்காத இந்த வண்டி நம் நகரங்களின் எதிர்காலமா, அல்லது ஒழிய வேண்டிய பழைய கஷ்டமா?

சுருக்கமாகச் சொன்னால்

- சைக்கிள் ரிக்‌ஷாவின் பிரச்சினை மிதிப்பது மட்டுமல்ல. அதிக எடை, ஒரே கியர், தினசரி வாடகை, எப்போது பறிமுதல் ஆகுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்துதான் அது.
- வண்டியை இலகுவாக்கும் முயற்சிகள் இந்தியாவில் 1990-களின் இறுதியிலிருந்தே நடந்திருக்கின்றன. சில வெற்றி பெற்றன, சில முன்னோட்டத்தோடு நின்றன.
- எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்து ரிக்‌ஷாவை ஒடுக்குவது தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது.
- இ-ரிக்‌ஷா வந்த பிறகு பழைய வடிவம் அப்படியே திரும்ப வாய்ப்பு குறைவு. சிறு மோட்டார் துணையோடு மிதிக்கும் வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் வாய்ப்பு இருக்கிறது.

எந்த ரிக்‌ஷாவைப் பற்றிப் பேசுகிறோம்?

மூன்று வண்டிகளை நாம் ஒரே பெயரில் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, கை ரிக்‌ஷா. ஆள் முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்து ஓடி இழுப்பது. கொல்கத்தாவில் இன்னமும் மிச்சம் இருக்கிறது.

இரண்டாவது, சைக்கிள் ரிக்‌ஷா. மூன்று சக்கரம், முன்னால் மிதிப்பவர், பின்னால் இருவர் அமரும் இருக்கை. வட இந்திய நகரங்களிலும் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் சாதாரணமாகப் பார்க்கலாம்.

மூன்றாவது, பேட்டரியில் ஓடும் இ-ரிக்‌ஷா. வங்காளத்தில் 'டோட்டோ', டெல்லியில் 'பேட்டரி ரிக்‌ஷா' என்றெல்லாம் புழங்குவது. இதில் பெடலே கிடையாது.

இந்தக் கட்டுரை முக்கியமாக இரண்டாவதைப் பற்றியது. மற்ற இரண்டும் அதன் முன்னோரும் வாரிசும் என்பதால் அவ்வப்போது வரும்.

எங்கிருந்து வந்தது இந்த வண்டி?

'ரிக்‌ஷா' என்பதே ஜப்பானியச் சொல்லின் சுருக்கம். 'ஜின்ரிகிஷா' என்றால் மனித சக்தியில் ஓடும் வண்டி. 1870 வாக்கில் டோக்கியோவில் கை ரிக்‌ஷா பிரபலமானது. அங்கிருந்து சீனா, சிங்கப்பூர், இந்தியா என்று பரவியது. இந்தியாவில் அது முதலில் கால் பதித்தது சிம்லாவில். பிறகு கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களுக்கு வந்தது.

அதோடு சைக்கிளைப் பொருத்திய வடிவம் 1930, 40-களில் ஆசிய நகரங்களில் வேகமாகப் பரவியது. பெட்ரோலும் மோட்டார் வண்டியும் எளிதில் கிடைக்காத காலம் அது. ஓடி இழுப்பதோடு ஒப்பிட்டால் உட்கார்ந்து மிதிப்பது எவ்வளவோ மேல். அதாவது, நாம் இன்று 'பழசு' என்று நினைக்கும் சைக்கிள் ரிக்‌ஷா, வந்தபோது ஒரு தொழில்நுட்ப முன்னேற்றம், ஓரளவுக்கு ஒரு மனித உரிமை முன்னேற்றமும்கூட.

தமிழ்நாட்டில் என்ன ஆனது?

இந்த மாற்றத்தை அரசே செய்த மாநிலம் தமிழ்நாடு. 1973-ல் மு.கருணாநிதி தலைமையிலான அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா வழங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1971-ல்தான் எம்.ஜி.ஆரின் 'ரிக்‌ஷாக்காரன்' வெளிவந்து அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. ரிக்‌ஷா ஓட்டுபவர் சினிமாவிலும் அரசியலிலும் மையமாக இருந்த காலம்.

அந்த சைக்கிள் ரிக்‌ஷாக்களும் பிறகு மெல்ல மறைந்தன. ஆட்டோ பெருகியது, சாலைகளின் வேகம் கூடியது, மேம்பாலங்கள் எழுந்தன. உங்களில் 30 வயதைத் தாண்டியவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகளை அடைத்துக்கொண்டு போன ரிக்‌ஷா ஞாபகம் இருக்கலாம். அதற்குப் பின் வந்தவர்களுக்கு இது வட இந்தியாவில் பார்க்கும் வண்டி. மேம்பாலம் எப்படி ஒரு வண்டியை ஒழிக்க முடியும்? அதற்கு ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும்.

ஒரு ஜோடிக் கால் எவ்வளவு இழுக்கும்?

விளையாட்டு வீரர் அல்லாத, ஆரோக்கியமான ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து மிதித்தால் சுமார் 75 வாட் சக்தி கிடைக்கும். கொஞ்ச நேரத்துக்கு 100, 150 வாட் தரலாம். நாள் முழுக்க முடியாது. நம் வீட்டு சீலிங் ஃபேன் ஒன்றை ஓட்டும் அளவு சக்திதான் அது.

இப்போது வண்டியைப் பாருங்கள். பழைய மாடல் ரிக்‌ஷா சுமார் 80 கிலோ. பயணிகள் இருவர் 130 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ என்று வைத்தால் மொத்தம் 270 கிலோ.

சமதளத்தில் 10 கி.மீ. வேகத்தில் போக, டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் சேர்த்து சுமார் 90 வாட் வேண்டும். சற்று மெதுவாகப் போனால் 75 வாட்டில் சமாளித்துவிடலாம். அதனால்தான் சமதளமான கங்கைச் சமவெளி நகரங்களில் ரிக்‌ஷா இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது.

இப்போது ஒரு மேம்பாலம். 30 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரும் சாதாரணச் சரிவு. அதே 270 கிலோவை அதே 10 கி.மீ. வேகத்தில் மேலே ஏற்ற, கூடுதலாக 245 வாட் வேண்டும். மொத்தம் 330 வாட்டுக்கு மேல். தேர்ந்த சைக்கிள் பந்தய வீரருக்கே மூச்சு வாங்கும் அளவு. நடக்கும் வேகத்துக்கு இறக்கினால்கூட 140 வாட்டுக்குக் குறையாது. அதோடு பழைய ரிக்‌ஷாவில் ஒரே ஒரு கியர்தான். கியர் மாற்றி மெதுவாக மிதிக்கும் வசதியும் கிடையாது. எனவே ஓட்டுபவர் என்ன செய்வார்? இறங்கித் தள்ளுவார். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, வண்டியின் எடையைக் குறைப்பதும் கியர் வைப்பதும் ஓட்டுபவரின் உடம்புக்கு நேரடி நிவாரணம். இரண்டு, 250 வாட் அளவுள்ள ஒரு குட்டி மோட்டார் இருந்தால், இறங்கித் தள்ள வேண்டிய மேட்டை உட்கார்ந்தபடியே சுமார் 8 கி.மீ. வேகத்தில் ஏறிவிடலாம். அதற்கு மேல் சக்தி இந்த வேலைக்குத் தேவையில்லை.

வண்டியை மாற்ற யார் முயன்றார்கள்?

நிறைய பேர். மூன்று முயற்சிகள் முக்கியமானவை.

*ஆக்ரா:* தாஜ்மஹாலின் பளிங்கைக் காற்று மாசிலிருந்து காக்க அதைச் சுற்றிக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. புகை இல்லாத வண்டி வேண்டும் என்ற தேவை அங்கே இயல்பாகவே இருந்தது. 1990-களின் இறுதியில் போக்குவரத்து மற்றும் வளர்ச்சிக் கொள்கைக்கான சர்வதேச நிறுவனம், இந்தியப் பொறியாளர்களோடு சேர்ந்து சைக்கிள் ரிக்‌ஷாவை மறுவடிவமைத்தது. எடை சுமார் 80 கிலோவிலிருந்து 55 கிலோ அளவுக்கு இறங்கியது. கியர் வந்தது. இருக்கை தாழ்ந்து, பயணி சறுக்காமல் உட்கார முடிந்தது. பளபள விளம்பரம் எதுவும் இல்லாமல், உள்ளூர்ப் பட்டறைகளே செய்யக்கூடிய வடிவமாக இருந்ததுதான் அதன் பலம். டெல்லி உள்ளிட்ட வேறு நகரங்களுக்கும் அது பரவியது.

*குவாஹாட்டி:* அங்குள்ள ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறை 'தீப்பாஹன்' என்ற இலகுவான ரிக்‌ஷாவை உருவாக்கியது. கிராமப்புற மேம்பாட்டு மையம் என்ற அமைப்பு அதை வைத்து 2004-ல் 'ரிக்‌ஷா பேங்க்' தொடங்கியது. இதைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

*டெல்லி:* 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று 'சோலெக்‌ஷா' அறிமுகமானது. துர்காபூரில் உள்ள மத்திய அரசின் இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் வடிவமைத்தது. மிதிக்கலாம், மோட்டாரிலும் ஓட்டலாம். பேட்டரியைச் சூரிய சக்தி நிலையத்தில் சார்ஜ் செய்து மாற்றிக்கொள்ளலாம். யோசனை அருமை. ஆனால் அது முன்னோட்டத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. காலையில் சவாரிக்குக் கிளம்பும் ஒருவருக்கு, வண்டி மட்டும் நன்றாக இருந்தால் போதாது. பேட்டரி மாற்றும் இடம் பக்கத்தில் இருக்க வேண்டும், ரிப்பேர் செய்யத் தெருமுனையில் ஆள் இருக்க வேண்டும், விலை கைக்கு எட்ட வேண்டும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்ரா வண்டி பட்டறையோடு ஒத்துப்போனது. குவாஹாட்டி வண்டி பணப் பிரச்சினையைத் தொட்டது. சோலெக்‌ஷா தொழில்நுட்பத்தில் முன்னால் இருந்தாலும் தெருவோடு ஒட்டவில்லை.

வண்டி யாருடையது? இதுதான் நிஜமான கேள்வி

ரிக்‌ஷா மிதிப்பவர்களில் பெரும்பாலோருக்கு வண்டி சொந்தமில்லை. பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் போன்ற இடங்களிலிருந்து வந்து, 'மாலிக்' என்று அழைக்கப்படும் உரிமையாளரிடம் நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாடகை கொடுத்தாக வேண்டும்.

புரிவதற்காக ஒரு உதாரணக் கணக்கு. நாள் வாடகை 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 26 நாள் ஓட்டினால் 1,560 ரூபாய். வருடத்துக்கு 18,720. வண்டியின் விலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்றால், ஒரு வருட வாடகையில் அவர் அந்த வண்டியையே வாங்கியிருக்கலாம். அப்புறம் ஏன் வாங்கவில்லை? மொத்தமாகப் பணம் இல்லை, அடமானம் வைக்க ஒன்றுமில்லை, உள்ளூர் முகவரி இல்லாததால் வங்கி அவரை உள்ளேயே விடாது. பத்து வருடம் மிதித்தாலும் பதினோராவது வருடமும் வாடகைதான்.

ரிக்‌ஷா பேங்க் இந்த இடத்தில்தான் கை வைத்தது. ஓட்டுபவர் தினமும் ஒரு சிறு தொகை கட்டுவார், ஆனால் அது வாடகை இல்லை, தவணை. ஒன்றிரண்டு வருடத்தில் வண்டி அவருக்குச் சொந்தம். கூடவே அடையாள அட்டை, காப்பீடு, சீருடை. வண்டியின் பின்பக்கத்தில் விளம்பரம் போட்டு அந்தப் பணத்தில் செலவின் ஒரு பகுதி ஈடுகட்டப்பட்டது. பின்னர் இந்த மாதிரி மற்ற மாநிலங்களின் நகரங்களுக்கும் போனது.

இந்த யோசனைக்கு ஒரு நீதிமன்ற முன்னோடியும் உண்டு. பஞ்சாப் 1975-ல் ஒரு சட்டம் போட்டது. ஓட்டுபவரே உரிமையாளராக இருந்தால்தான் ரிக்‌ஷாவுக்கு லைசென்ஸ் என்றது அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் வாடகை வண்டியை மட்டுமே நம்பியிருந்தவர்கள் ஒரே நாளில் தொழிலை இழக்கும் நிலை. வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது, 1980-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் சட்டத்தை ரத்து செய்வதற்குப் பதிலாக, ஓட்டுபவர்களுக்கு வங்கிக் கடன் கிடைத்து வண்டி அவர்கள் பெயருக்கு மாற ஒரு திட்டத்தையே தீர்ப்பில் வகுத்துக் கொடுத்தார். சொந்தமாக்க வேண்டும் என்று உத்தரவு மட்டும் போட்டால் அது தடை. கடனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது உரிமை.

சட்டம் என்ன சொல்கிறது?

சைக்கிள் ரிக்‌ஷா மோட்டார் வாகனம் அல்ல. எனவே ஆர்.சி. புத்தகமோ மோட்டார் வாகனச் சட்டப்படியான ஓட்டுநர் உரிமமோ தேவையில்லை. அந்தந்த மாநகராட்சியின் விதிகள்தான் அதற்குப் பொருந்தும். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பம்.

டெல்லி மாநகராட்சி, நகரத்தில் 99,000 சைக்கிள் ரிக்‌ஷாக்களுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருந்தது. ஒருவருக்கு ஒரு வண்டிதான், அதையும் அவரே ஓட்ட வேண்டும். நிஜத்தில் தெருவில் ஓடியதோ பல லட்சம். அதாவது பெரும்பாலான வண்டிகள் எப்போதும் 'சட்டவிரோதம்'. பிடித்தால் பறிமுதல். சில சமயம் உடைத்துப் பழைய இரும்பாக விற்றும் விடுவார்கள்.

'மானுஷி' அமைப்பு தொடுத்த வழக்கில் 2010 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த விதிகளை ரத்து செய்தது. தனியார் கார்களின் எண்ணிக்கைக்கு எந்த வரம்பும் வைக்காத நகரம், மாசு ஏற்படுத்தாத ரிக்‌ஷாவுக்கு மட்டும் வரம்பு வைப்பது எந்த வகையில் நியாயம் என்பதுதான் அந்த வழக்கின் சாரம். சாலை எல்லா வகைப் பயனாளர்களுக்கும் உரியது. மாநகராட்சி உச்ச நீதிமன்றம் போனது, 2012-ல் அந்த மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது.

கொள்கை அளவில் அரசும் இதைத்தான் சொல்கிறது. 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே குறிக்கோள் என்றது. சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்து, போக்குவரத்து பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவிகிதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான வசதிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. தினமும் நீங்கள் நடக்கும் பிளாட்ஃபார்மைப் பார்த்து, காகிதத்துக்கும் தெருவுக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இ-ரிக்‌ஷாதான் வந்துவிட்டதே, இனி எதுக்கு மிதிக்கணும்?

நியாயமான கேள்வி. இ-ரிக்‌ஷாவுக்கு 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. காரணம், அவை எந்தச் சட்டத்துக்குள்ளும் வராமல் ஓடிக்கொண்டிருந்தன. அதன் பிறகு மத்திய அரசு விதிகள் கொண்டுவந்து, 2015-ல் மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்தியது. 4,000 வாட்டுக்கு மிகாத மூன்று சக்கர வண்டி, உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ., நான்கு பயணிகள். இன்று பல வட இந்திய நகரங்களில் சைக்கிள் ரிக்‌ஷாவின் இடத்தை இதுதான் பிடித்திருக்கிறது.

ஓட்டுபவர் பக்கம் நின்று பார்த்தால் இது பெரிய விடுதலை. காலும் முதுகும் தப்பித்தன. ஒரே சவாரியில் நான்கு பேர். 50 வயதைத் தாண்டியும் ஓட்டலாம். மிதிக்கத் தயங்கிய பெண்களும் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். "பசுமைக்காக நீங்க மிதிங்க, நான் உட்கார்றேன்" என்று ஏசி அறையிலிருந்து சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. பெரும்பாலான இ-ரிக்‌ஷாக்களில் இருப்பது நான்கு ஈய-அமில பேட்டரிகள். மாற்றும் செலவு ஓட்டுபவரின் வருமானத்தில் பெரிய ஓட்டை போடும். பழைய பேட்டரியை முறையாக மறுசுழற்சி செய்யாமல் கொல்லைப்புற உலைகளில் உருக்கினால், ஈயம் மண்ணிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் கலக்கும். பேட்டரிக் கழிவுக்கு 2022-ல் தனி விதிகள் வந்தாலும், அவை தெருமுனைக் கடை வரை போய்ச் சேர வேண்டும். சார்ஜ் செய்யும் இடங்களில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது, வரம்பு மீறிய பயணிகள், கவிழும் வண்டிகள் என்று மற்ற தலைவலிகளும் உண்டு. வண்டிக்கே ஒன்றரை லட்சம் அளவுக்குக் கடன் வாங்க வேண்டியிருப்பதால் வாடகை முறை இங்கேயும் தொடர்கிறது. மாலிக் மாறவில்லை, வண்டிதான் மாறியது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் உதவும் சிறு மோட்டார். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும் 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் கொண்ட இலகுவான பேட்டரி சைக்கிள்கள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. எடைக்கும் கட்டுப்பாடு உண்டு என்பதால், கனமான பயணி ரிக்‌ஷா இந்தச் சலுகைக்குள் வருமா என்பது வடிவமைப்பைப் பொறுத்தது. நாம் மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதா? மேம்பாலம் ஏறத் தேவைப்பட்டது கிட்டத்தட்ட அதே 250 வாட்தான். சமதளத்தில் கால், மேட்டில் மோட்டார். பேட்டரி சிறியது, செலவு குறைவு, கழிவும் குறைவு.

சாந்தினி சௌக் சொல்லும் பாடம்

2021 செப்டம்பரில் சாந்தினி சௌக்கின் புதுப்பிக்கப்பட்ட சாலை திறக்கப்பட்டது. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஃபதேபூரி மசூதி வரை சுமார் 1.3 கி.மீ. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. நடப்பவர்களுக்கு அகலமான பாதை, நடுவில் சைக்கிள் ரிக்‌ஷா. அதே சாந்தினி சௌக்கில், சில வருடங்களுக்கு முன்பு ரிக்‌ஷாதான் நெரிசலுக்குக் காரணம் என்று அதைத் தடை செய்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குற்றவாளியாக நின்ற வண்டி அதே தெருவில் தீர்வாகத் திரும்பி வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. விதியை மீறி நுழையும் பைக்குகள், கண்டபடி நிறுத்தப்படும் ரிக்‌ஷாக்கள், ஆக்கிரமிப்பு என்று புகார்கள் தொடர்கின்றன. ஆனால் ஒன்று நிரூபணம் ஆனது. காரோடும் பஸ்ஸோடும் போட்டி போடும் சாலையில் ரிக்‌ஷா தோற்கும். மோட்டாரை வெளியே நிறுத்தி, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரத்தை மட்டும் கொடுத்தால் அதே ரிக்‌ஷா ஜெயிக்கும். மெட்ரோவிலிருந்து வீடு, கோயில், சந்தை, மருத்துவமனை என்ற கடைசித் தூரம்தான் அதன் இயல்பான களம்.

உலகத்திலும் இதே போக்குதான். பெர்லினில் 1997 முதல் 'வெலோடாக்ஸி' என்ற நவீன மிதிவண்டி டாக்ஸி ஓடுகிறது. லண்டனில் மிதிவண்டி டாக்ஸிகளை முறைப்படுத்த 2024-ல் தனிச் சட்டமே வந்தது. டாக்காவின் ரிக்‌ஷாக்களையும் அவற்றின் ஓவியக் கலையையும் யுனெஸ்கோ 2023-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆள் மட்டுமா? சரக்கும்தான்

பயணி ரிக்‌ஷாவைவிட வேகமாக மீண்டு வரக்கூடியது சரக்கு ட்ரைசைக்கிள். சென்னைக்காரர்களுக்கு மீன்பாடி வண்டி தெரியாமல் இருக்காது. மீன், ஐஸ் பெட்டி, தண்ணி கேன், பழைய இரும்பு, கட்டில், பீரோ என்று அது சுமக்காத பொருள் இல்லை. சந்துக்குள் நுழையும், எங்கேயும் நிறுத்தலாம், செலவு சொற்பம். மேடு ஏற முடியாமல்தான் பலர் பழைய ஸ்கூட்டர் இன்ஜினை அதில் மாட்டினார்கள். அது சட்டப்படி தவறு, ஆபத்தும்கூட. ஆனால் என்ன தேவை என்பதை அந்த ஒட்டுப்போட்ட இன்ஜின் நமக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நீங்கள் ஆப்பில் ஆர்டர் செய்யும் மளிகையும் பார்சலும் கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பெரும்பாலும் பைக்கில் கடக்கின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஐரோப்பிய நகரங்களிலும் நியூயார்க்கிலும் கூரியர் நிறுவனங்கள் மின்துணை சரக்கு சைக்கிளுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. நம்மிடம் அந்த வண்டியின் மூல வடிவமும், அதைச் செய்யத் தெரிந்த வெல்டரும், ஓட்டத் தெரிந்த ஆளும் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

மனிதனை மனிதன் சுமப்பது சரியா?

ஆரம்பத்தில் வந்த கூச்சத்துக்கு வருவோம். மும்பைக்கு அருகே மோட்டார் வாகனங்கள் தடை செய்யப்பட்ட மலைவாசஸ்தலம் மாத்தேரான். அங்கே கை ரிக்‌ஷா தொடர்வது மனித கண்ணியத்துக்கு எதிரானது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும், இழுப்பவர்களுக்கு மாற்று வாழ்வாதாரமாக இ-ரிக்‌ஷா தர வேண்டும் என்பது உத்தரவு. கவனியுங்கள், நிறுத்துவதோடு மாற்றையும் சேர்த்தே சொன்னது. 1973-ல் சென்னையிலும் இதுதான் நடந்தது.

சைக்கிள் ரிக்‌ஷா அதே கட்டத்தில் இருக்கிறதா? 80 கிலோ வண்டி, ஒரே கியர், கடன் வாடகை, போலீஸ் பயம் என்ற நிலையில் இருப்பதை 'பாரம்பரியம்', 'பசுமை' என்று பெயர் சூட்டிக் காப்பாற்றுவது ஓட்டுபவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் இலகுவான வண்டி, மேட்டில் உதவும் மோட்டார், சொந்தப் பெயரில் உரிமை, நிற்க ஒரு ஸ்டாண்ட், குறுகிய தூரம் என்று மாறினால் அது மற்ற எந்த உடலுழைப்பையும் போல ஒரு தொழில். இழிவு மிதிப்பதில் இல்லை, மிதித்தும் மிச்சமில்லாமல் போவதில் இருக்கிறது.

அப்போ மீண்டும் வர என்ன தேவை?

1. *வண்டி:* 60 கிலோவை ஒட்டிய எடை, கியர், நல்ல பிரேக், இரவில் தெரியும் விளக்கு. உள்ளூர்ப் பட்டறையில் ரிப்பேர் ஆக வேண்டும்.
2. *கடன்:* அடமானம் கேட்காத, தினசரித் தவணையில் அடையும் கடன். வண்டி ஓட்டுபவர் பெயரில் பதிவாக வேண்டும்.
3. *இடம்:* மெட்ரோ, ரயில் நிலைய வாசலில் ஸ்டாண்ட். குடிநீர், கழிப்பறை, நிழல். இதெல்லாம் இல்லாமல் 'நெரிசல்' என்று விரட்டுவதில் அர்த்தமில்லை.
4. *சாலை:* சந்தை, கோயில் வீதிகளில் மோட்டாருக்கு நேரக் கட்டுப்பாடு. அது இல்லாவிட்டால் மேலே உள்ள மூன்றும் வீண்.
5. *சட்டம்:* மின்துணை ரிக்‌ஷாவுக்குத் தெளிவான வரையறை. எது மோட்டார் வாகனம், எது இல்லை என்பதில் ஓட்டுபவர் போலீஸோடு வாதாட வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

நீங்கள் ஏறும்போது

பேரம் பேசும் முன் தூரத்தைப் பாருங்கள். பக்கத்தில் ஷேர் இ-ரிக்‌ஷா பத்து ரூபாய்க்குப் போகிறது என்பதற்காக, உங்கள் ஒருவருக்காக மிதிப்பவரிடம் அதே விலையை எதிர்பார்க்காதீர்கள். மூன்று பேராக ஏற வேண்டாம். மேடு வந்தால் இறங்கி நடங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். யூ.பி.ஐ. இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சாந்தினி சௌக்கில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பையா, வண்டி உங்களுடையதா, வாடகையா?" சைக்கிள் ரிக்‌ஷா நகரத்துக்கு மீண்டும் வருகிறதா இல்லையா என்பதை அந்தப் பதிலை வைத்தே நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.